பிஸ்டன் திரும்பி மாட்டின அனுபவம் யாருக்காவது இருக்கா? நடந்தத எழுதுங்க

முதல்ல எனக்கு நடந்தத சொல்லிடறேன். நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஆயில் குடிக்குதுன்னு பிரிச்சோம், போர் (சிலிண்டரோட உள் விட்டம்) அளந்து பாத்தா நல்லாத்தான் இருந்துச்சு, சரி பழைய பிஸ்டனையே வச்சுக்கிட்டு ரிங்கு மட்டும் மாத்திடலாம்னு முடிவு பண்ணோம். நாலையும் ராடோட (பிஸ்டன கிராங்க்கோட சேக்கற தண்டு) வெளிய எடுத்து மொத்தமா டீசல்ல ஊற போட்டுட்டேன். ராடுலயும் அத கிராங்க்கோட பிடிக்கிற கேப்புலயும் நம்பர் பஞ்ச் பண்ணிருந்தாங்க, அதனால எது எந்த சிலிண்டரோடதுன்னு குழப்பம் வரல. மூணு பிஸ்டன் தலையில அம்புக்குறி பளிச்னு தெரிஞ்சுது, அது இன்ஜினோட முன்பக்கத்த, அதாவது டைமிங் பக்கத்த பாக்கணும், மூணாவது சிலிண்டரோடதுல மட்டும் கரி இறுகிப்போய் ஒண்ணும் தெரியல, இன்னும் கொஞ்சம் தேய்ச்சிருந்தா தெரிஞ்சிருக்கும், நேரம் ஆயிடுச்சேன்னு ஏதோ ஒரு கோடு மாதிரி தெரிஞ்சத அம்புன்னு நெனச்சு ரிங்க அமுக்கி பிடிக்கிற ரிங் கம்ப்ரசர்ல வச்சு தட்டி இறக்கிட்டேன். பிஸ்டன் ரெண்டே விதமாத்தான் உள்ள போகும், சரியா இல்லன்னா நேர் எதிரா, ஏன்னா பிஸ்டனையும் ராடையும் சேக்கற பின் எப்பவும் கிராங்க்குக்கு இணையாத்தான் நிக்கணும். அதனால தப்பா போட்டாலும் என்னோட இன்ஜின்ல எங்கயும் இடிக்காம அழகா உக்காந்துடுச்சு, போல்ட்ட டார்க் வச்சு இறுக்கினா கிராங்க்கும் இழையா சுத்துச்சு.

இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சு. காலைல குளிர்ந்த இன்ஜின்ல மட்டும் டொக் டொக்னு ஒரு மந்தமான சத்தம், பத்து நிமிஷம் ஓடி சூடானா காணாம போயிடும். டேப்பட்னு (வால்வ் இடைவெளி) நெனச்சு அத சரி பண்ணேன், ஆயில் மாத்தினேன், இன்ஜின் மவுண்ட் பாத்தேன், ரெண்டு வாரம் போச்சு. கடைசியா குளிர்ந்த நேரத்துல ஒவ்வொரு இக்னிஷன் காயிலா கனெக்டர் கழட்டி பாத்தேன், மூணாவத கழட்டினதும் சத்தம் அப்படியே அமுங்கிடுச்சு. ஹெட்ட தூக்கி கரிய சுத்தமா தொடச்சா அம்பு நேர் எதிரா ஃப்ளைவீல் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு. வயித்துல புளிய கரைச்ச மாதிரி ஆயிடுச்சு.

ஏன் சத்தம் வருதுன்னு அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். நெறைய கார் பிஸ்டன்ல பின் ஓட்டை சரியா நடுவுல இருக்காது, 1 மில்லிமீட்டர் சுமாருக்கு ஒரு பக்கமா தள்ளி இருக்கும், கண்ணுக்கு தெரியவே தெரியாது. பிஸ்டன் உச்சிக்கு வந்து இறங்கறப்போ ராடு சாயற பக்கம் மாறும், அப்போ பிஸ்டன் ஒரு சுவத்த விட்டு எதிர் சுவத்துக்கு தாவும், அந்த நேரம் பாத்துத்தான் மேல நெருப்பு அழுத்தமும் ஏறுது. பின் ஓட்டைய இப்படி ஒரு பக்கமா தள்ளி வச்சிருந்தா அழுத்தம் ஏறறதுக்கு முன்னாடியே மெதுவா சாஞ்சு உக்காந்துக்கும். திருப்பி மாட்டினா அந்த தள்ளல் எதிர்ப்பக்கம் போயிடுது, முழு அழுத்தத்துல சுவத்துல போய் அறையுது. சூடானா பிஸ்டன் விரிஞ்சு இடைவெளி கம்மியாகும், அதான் சத்தம் மறையுது. என்னோடதுல ஸ்கர்ட்ல (பிஸ்டனோட கீழ்ப்பக்க சுவர்) கோடு விழ ஆரம்பிச்சிருந்துச்சு, நல்லவேளை லேசாத்தான். இதுல ரொம்ப வருத்தம் என்னன்னா, ராடுல பஞ்ச் பண்ண நம்பர் நாலுலயும் ஒரே பக்கம் வந்திருக்கணும், மூணாவதுல மட்டும் எதிர்ப்பக்கம் இருந்திருக்கு, சம்ப் (கீழ இருக்கற ஆயில் தட்டு) மாட்டறதுக்கு முன்னாடி கீழ இருந்து ஒரு தடவ பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்.

*

அண்ணே, நான் டீசல்ல மாட்டிக்கிட்டேன், ஆனா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது. பிஸ்டன குளிர வைக்க கீழ இருந்து ஆயில் அடிக்கிற ஜெட் இருக்குல்ல, அதுக்கு இடம் விட்டு ஸ்கர்ட்ல ஒரு பக்கம் வெட்டி இருக்கும். ஒரு பிஸ்டன திருப்பி போட்டுட்டேன், கிராங்க்க கையால சுத்தறப்போ கீழ வர்ற இடத்துல டங்னு நின்னுச்சு. பலமா இழுத்திருந்தா ஜெட் வளஞ்சிருக்கும், வளஞ்ச ஜெட் ஆயில வேற எங்கயோ அடிக்கும், பிஸ்டன் சூட்டுல போயிடும். அன்னையிலருந்து ஒவ்வொரு பிஸ்டன் இறக்கினதும் ஒரு முழு சுத்து சுத்தாம அடுத்தத கையில எடுக்கறதில்ல.

*

எனக்கு நடந்தது வேற மாதிரி. புது பிஸ்டன், பின் பிரஸ் ஃபிட் (அழுத்தி ஏத்தற இறுக்கம்), அதனால ராடோட சேக்க பட்டறையில குடுத்தேன். நாலுல ஒண்ண ராடுல எதிரா ஏத்தி குடுத்துட்டாங்க. இதுல அம்ப பாத்து மாட்டினா ராடு திரும்பிடும், ராட பாத்து மாட்டினா அம்பு திரும்பிடும். வீட்டுக்கு வந்து மேசைல நாலையும் வரிசையா அடுக்கி அம்பையும் ராடுல இருக்கிற ஆயில் துளையையும் ஒப்பிட்டு பாத்ததாலதான் கண்டுபிடிச்சேன். திரும்ப பின்ன தள்ளறப்போ புது பிஸ்டனோட பாஸ் (பின் உக்கார்ற தடிச்ச இடம்) விரிசல் விட்டுடுச்சு, அது போச்சு. இப்பல்லாம் பட்டறையில குடுக்கறப்பவே ஒரு ஜோடிய எப்படி வரணும்னு படம் வரைஞ்சு கூடவே வச்சு குடுக்கறேன்.

*

வி6 (மூணு மூணு சிலிண்டரா ரெண்டு வரிசை, ஒரு வரிசைக்கு பேங்க்னு பேரு) பிரிக்கறவங்க இன்னும் கவனமா இருங்க. அம்பு எல்லாம் முன்பக்கம்தான் பாக்கும், ஆனா பல இன்ஜின்ல ஒரே கிராங்க் பின்ல ரெண்டு ராடு பக்கத்துல பக்கத்துல உக்காரும், ராடோட வாயில பெரிய சரிவு வெட்டின பக்கம் கிராங்க் கன்னத்த (கிராங்க் பின்னுக்கு பக்கத்து தடிச்ச பாகம்) பாத்து இருக்கணும், அப்போ இடது பேங்க் ராடும் வலது பேங்க் ராடும் எதிரெதிரா திரும்பி நிக்கும். ஒரு பேங்க்க சேத்த மாதிரியே இன்னொண்ணையும் சேத்தா தப்பு. நான் சேத்தேன், மூணு பிஸ்டன் பின்ன மறுபடி கழட்டினேன்.

*

நண்பரே, முன்பக்கம்னு சொல்றீங்களே, அதுலயே ஒரு சிக்கல் இருக்கு. அம்பு எப்பவும் டைமிங் செயின் பக்கம்னு எனக்கு ஊறிப்போன பழக்கம். பழைய வோக்ஸ்வாகன் பீட்டில், அந்த காத்துல குளிர்ற இன்ஜின் ஒண்ணு சேக்கறப்போ அதே மாதிரி புல்லி பக்கம் அம்ப வச்சேன், கூட இருந்த பெரியவர் கைய புடிச்சு நிறுத்திட்டார். அதுல அம்பு ஃப்ளைவீல பாக்கணும். இன்ஜின் காருக்கு பின்னாடி இருக்கு, கியர்பாக்ஸ் அதுக்கு முன்னாடி, அதனால காரோட முன்பக்கம் எதுன்னு பாத்தா ஃப்ளைவீல் பக்கம்தான். குறுக்கா வச்ச இன்ஜின்ல பாருங்க, முன்பக்கம்னு மேனுவல் சொல்றது டைமிங் பக்கத்த, அது கார்ல இடதோ வலதோ பாத்து இருக்கும், பம்பருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தந்த இன்ஜின் மேனுவல்ல படத்த பாக்காம நான் இப்போ ஒண்ணும் இறக்கறதில்ல.

*

எனக்கு ஒரு சந்தேகம், என் பிஸ்டன்ல அம்பும் இல்ல புள்ளியும் இல்ல, மேனுவலும் கிடைக்கல, என்ன பண்றது?

*

தம்பி, மொதல்ல வால்வ் பாக்கெட்ட (பிஸ்டன் தலையில வால்வுக்கு வெட்டின குழி) பாருங்க, ரெண்டு அளவுல இருந்தா பெருசு பெரும்பாலும் இன்டேக், ஹெட்ட பக்கத்துல வச்சு ஒப்பிட்டுக்கோங்க. இது தப்பினா வால்வ் பிஸ்டன்ல அடிக்கும், சத்தத்தோட நிக்காது. பாக்கெட் ஒரே மாதிரி இருந்தா பின்ன சொருகி, பிஸ்டன ஸ்கர்ட் பக்கமா சமமான தட்டுல படுக்க வச்சு தட்டுலருந்து பின் எவ்ளோ உயரம்னு அளங்க, அப்புறம் எதிர்ப்பக்கமா புரட்டி படுக்க வச்சு மறுபடி அளங்க. உயரம் கம்மியா வர்ற பக்கம்தான் பின் தள்ளி இருக்கற பக்கம். டைமிங் பக்கம் நின்னு பாக்கறப்போ கிராங்க் கடிகார முள் மாதிரி சுத்துற இன்ஜின்னா சாதாரணமா அது உங்க இடது கை பக்கம் வரணும். ரெண்டு அளவும் ஒண்ணா வந்தா ஆஃப்செட் (பின் தள்ளல்) இல்லாத பிஸ்டன், அப்போ ஸ்கர்ட்ல பழைய தேய்மானம் எந்தப் பக்கம் அதிகம்னு பாத்து, இருந்த மாதிரியே திரும்ப போடுங்க.