புதுப்பிப்பு: மஞ்சள் பசு இப்போது பச்சையாவதில்லை

ஜெர்மன் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் 1911-இல் வரைந்த ‘மஞ்சள் பசு’வைப் பார்த்து எண்ணெய் வண்ணம் பழகுகிறேன், பசுவின் மஞ்சள், மலையின் ஈர நீலத்தோடு கலந்து பச்சையாகிறது, எப்படித் தடுப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, பசுவின் உருவத்துக்குள் முதலில் வெள்ளை பூசிக் காயவிடச் சொன்ன யோசனை. டைட்டானியம் வெள்ளையை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசினேன். விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு, காட்மியம் மஞ்சளில் ஆளிவிதை எண்ணெய் சேர்த்து மேலே ஏற்றினேன். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேற்பூச்சில் அதிகம்; இதை மாற்றினால் பின்னாளில் வெடிப்பு விழலாம். மலையை மஞ்சள் காய்ந்த பிறகே, வேறு தூரிகையால் தீட்டினேன். பொறுமைதான் சோதிக்கப்பட்டது.

மஞ்சளிலேயே வெள்ளையைக் கலக்கும் யோசனை எனக்குச் சரிவரவில்லை. நிறம் சுண்ணாம்பு பூத்தாற்போல் வெளிறிவிட்டது.

எதிர்பாராதது வயிற்றடி நிழல். கறுப்பைத் தொட்டாலும் மஞ்சள் பாசிப்பச்சையாகிறது! எதிர்நிறமான ஊதாவைத் துளி சேர்த்ததும் நிழல் சரியாக விழுந்தது. தடித்துப் பூசிய கொம்பு நுனி மட்டும் இன்னும் பிசுபிசுக்கிறது.