லைன் வீட்டுப் பாப்பா பத்து நாளா ஸ்கூலுக்கு வரல, என்ன பண்றதுங்க?

டீச்சரக்கா:
திருப்பூர் பக்கம் நாலாங்கிளாஸ் எடுக்கறனுங்க. மேற்கு வங்காளத்து மால்டாவுல இருந்து பனியன் கம்பெனிக்கு வந்த குடும்பத்துப் புள்ள ஒண்ணு, நம்ம புள்ளைங்களவிட தமிழ் நல்லா வாசிக்கும், பத்து நாளா ஆளக் காணோம். லைன் வீட்டுக்குப் போலீஸ் வந்து ஆதார் பார்த்தாங்களாம், வங்காளம் பேசினாலே பங்களாதேஷான்னு கேக்கறாங்கன்னு அவங்கம்மா கதவையே தொறக்கறதில்லையாம். 2025 ஜனவரியில பல்லடம் பக்கம் பங்களாதேஷ்காரங்களப் புடிச்சதுல இருந்தே இந்தப் பயம். பேர அடிச்சிரலாம்னு கூட வேலை பாக்கறவரு சொல்றாரு, எனக்கு மனசு வரல, ஒரே வெசனமா இருக்குது.

ஓவர்லாக் மணி:
பேர அடிச்சுறாதீங்க டீச்சர். நேர்ல போங்க, ஞாயித்துக்கிழமை காலையில கறி வேகற நேரமா பார்த்து, அவங்க ஊர்க்காரப் பொம்பள ஒருத்தரக் கூட்டிட்டுப் போங்க. கையில ரிஜிஸ்டர் வேண்டாம், எழுதறவங்களக் கண்டாலே கணக்கெடுக்க வந்துட்டாங்கன்னு நெனைப்பாங்க. 2023 மார்ச்ல வடக்கத்தி ஆளுங்கள இங்க அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ சுத்துனப்ப எங்க செக்‌ஷன்ல ஓனர் பேசியும் ஒருத்தரும் நிக்கல, கூடத் தைக்கற ஆளு பேசுனப்பறந்தான் நாலு பேரு நின்னாங்க.

கோர்ட்டுப் பக்கம்:
2009 கல்வி உரிமைச் சட்டத்துல 6ல இருந்து 14 வயசு வரைக்கும் எல்லாப் புள்ளைக்கும் பள்ளிக்கூடம் உண்டுங்க, வயசுச் சான்று இல்லைன்னு கூட சேர்க்காம இருக்க முடியாது. யாராச்சும் புள்ளைங்க லிஸ்ட் கேட்டா வாயால சொல்லாதீங்க, எச்.எம். பேருக்கு லெட்டர் கேளுங்க. ஆதார் குடியுரிமைக்குச் சான்று இல்லைங்க, அதோட ஊர் ரேஷன் கார்டு, வோட்டர் ஐடி எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து வெக்கச் சொல்லுங்க. 15100க்கு அடிச்சா இலவச சட்ட உதவி, பொம்பளைங்களுக்கும் கொழந்தைங்களுக்கும் வருமானமெல்லாம் பார்க்க மாட்டாங்க.

பெருந்துறைக்காரன்:
நெசமாலுமே பங்களாதேஷா இருந்தா? சட்டம் சட்டந்தானுங்களே.

கோர்ட்டுப் பக்கம்:
அத போலீசும் கோர்ட்டும் பார்த்துக்கட்டுமுங்க. டீச்சர் கையில இருக்கறது அட்டெண்டன்ஸ் மட்டுந்தான்.

காங்கயத்து மாப்ள:
எங்கக்கா நியூஜெர்சியில இருக்குது, அங்கயும் இதே கூத்துதான். விசா இல்லாத வீட்டுப் புள்ளைங்களையும் ஸ்கூல்ல சேர்த்துக்கணும்னு 1982லயே அவங்க சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு, ஆனா குடியேற்ற அதிகாரிங்க ஸ்கூலுக்குள்ள போய்ப் புடிக்கறதுக்கு இருந்த கட்டுப்பாட்ட 2025 ஜனவரியில எடுத்துட்டாங்க. அக்கா பசங்க ஸ்கூல்ல, அப்பா அம்மா வர முடியாமப் போனா புள்ளைய யாரு கூட்டிட்டுப் போறதுன்னு பேரு, நம்பர் எழுதி வாங்கிட்டாங்களாம். நீங்களும் அத வாங்கிருங்க.

டீச்சரக்கா:
போயிட்டு வந்தனுங்க, மணியண்ணன் சொன்ன மாதிரி வெறுங்கையோட. கதவு பாதிதான் தொறந்துச்சு. பாப்பா அவங்கம்மா முந்தானைக்குப் பின்னால நின்னுட்டு, "கணக்குல எத்தனாவது பாடம் போகுது டீச்சர்?"ன்னுச்சு. கூட்டிட்டுப் போறதுக்கு எதிர்வீட்டு அம்மாயி பேரக் குடுத்திருக்காங்க. திங்கக்கெழமை வர்றேன்னுச்சு, பார்க்கலாமுங்க.