அன்ஸ்டார்டு கொஸ்டின்: ‘எழுத்துவிடைக் கேள்வி’ என்று வைத்துக்கொள்ளலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் அகராதிக்கான நாடாளுமன்றச் சொற்கள் பட்டியலில் ‘அன்ஸ்டார்டு கொஸ்டின்’ மட்டும் இன்னும் இழுபறியில் இருக்கிறது. நட்சத்திரக் குறியிடப்படாத கேள்வி, உடுக்குறியில்லா வினா, விண்மீனிலி வினா என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றும் எனக்குச் சம்மதமில்லை. ‘எழுத்துவிடைக் கேள்வி’ என்று வைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த நட்சத்திரம் வெறும் அச்சுக் குறி. தன் கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கும் உறுப்பினர் அதில் நட்சத்திரக் குறி போட்டுக் கொடுக்கிறார். குறி இல்லாவிட்டால் பதில் எழுத்தில் வந்து அவையின் மேசையில் வைக்கப்படும். அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் தமிழில் நட்சத்திரம் என்றதும் நட்சத்திர ஓட்டல், நட்சத்திரப் பேச்சாளர், நட்சத்திர வேட்பாளர் என்றுதான் மனம் ஓடுகிறது. அப்படியிருக்க, ‘நட்சத்திரக் குறியிடப்படாத கேள்வி’ என்று பத்திரிகையில் படிக்கிறவர் என்ன நினைப்பார்? ஒப்புக்குக் கேட்ட கேள்வி, தரத்தில் ஒரு படி கீழே என்றுதான் நினைப்பார். ‘விண்மீனிலி’ இன்னும் சங்கடம். இலி என்று முடிந்தாலே குறை சொல்கிற தொனி வந்துவிடுகிறது.

நிலவரம் அதற்கு நேர் எதிர். மக்களவையில் ஒரு நாள் பட்டியலில் ஏறும் நட்சத்திரக் கேள்விகள் 20. எழுத்தில் பதில் பெறுபவை 230 வரை. மாநிலங்களவையில் 15, 160. மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணி முதல் 12 வரைதான். அமைச்சரின் பதிலைக் கேட்டதும் உறுப்பினர்கள் எழுப்பும் துணைக் கேள்வி, அதற்குப் பதில் என்று போனால் அந்த 20-ல் சிலவற்றைத்தான் எட்ட முடியும். அமளி நடந்தால் அதுவும் கிடையாது. 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். அப்போது மிஞ்சியது எழுத்தில் பதில் வரும் கேள்வி மட்டுமே. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டதற்கு, அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதிக் கொடுத்தது. அந்த ஒரு வரி நாடு முழுக்கச் செய்தியானது. அரசிடம் கணக்கு இல்லை என்பதை அரசே கையெழுத்துப் போட்டுச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. இப்படிப்பட்ட கேள்வியையா நாம் ‘குறி இல்லாதது’ என்று அழைப்பது?

நம்ம ஊரையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக்கு ஓர் எய்ம்ஸ் என்று 2015-16 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இடம் மதுரைக்குப் பக்கத்துத் தோப்பூர் என்று 2018-ல் முடிவானது. 2019 ஜனவரி 27-ல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதன்பின் நீண்ட காலம் தோப்பூர்ப் பக்கம் போனவர்கள் கண்டது சுற்றுச்சுவரைத்தான். மேடைகளில் ஆளுக்கொரு தேதி சொன்னார்கள். ஆனால் நாடாளுமன்றத்தில் எழுத்தில் வந்த பதில்களைத் தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள், கதை எண்களாக வரும். 1,264 கோடி ரூபாய் என்று தொடங்கிய மதிப்பீடு 1,977.80 கோடியானது. அதில் 1,627.70 கோடி ஜப்பான் அரசின் ஜைக்கா நிறுவனம் தரும் கடன். கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது. 2022-ல் முதல் 50 மாணவர்களை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உட்கார வைத்தார்கள். கட்டடம் ஏன் எழும்பவில்லை என்பதற்கு மேடையில் கிடைக்காத விடை, இந்த எண்களையும் தேதிகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கிறது.

அந்த விடைத்தாள் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பார்க்காதவர்கள் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மேலே இந்திய அரசு, அமைச்சகத்தின் பெயர், அவையின் பெயர், கேள்வி எண், பதில் தர வேண்டிய தேதி. அடுத்து தலைப்பும் கேட்டவர் பெயரும். ‘அமைச்சர் அருள்கூர்ந்து தெரிவிப்பாரா’ என்று தொடங்கி (அ), (ஆ), (இ) என உட்கேள்விகள்: இது உண்மையா, ஆம் எனில் விவரம் என்ன, இல்லை எனில் காரணம் என்ன. அதற்குக் கீழே பதில். நான் முதலில் பார்ப்பது பதிலின் இடது ஓரத்தை. (அ) தனியே, (ஆ) தனியே நின்றால் பெரும்பாலும் நேரான பதில். ‘(அ) முதல் (உ) வரை’ என்று எல்லாவற்றையும் ஒரே பத்தியில் அடக்கியிருந்தால் பென்சிலை எடுத்துவிட வேண்டியதுதான். எவ்வளவு பணம் விடுவிக்கப்பட்டது என்று கேட்டிருப்பார்கள், திட்டத்தின் நோக்கம் பற்றி நான்கு வரி இருக்கும். எப்போது முடியும் என்ற உட்கேள்விக்கு ஒரு வரியும் இருக்காது.

இந்தச் சேர்த்துக்கட்டிய பதிலுக்கும் நமக்கு ஒரு பெயர் வேண்டும். ‘கதம்ப விடை’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மாட்டுத்தாவணி பூச்சந்தையில் நிற்கிறவருக்குத் தெரியும், கதம்பத்தில் மல்லிகை, மரிக்கொழுந்து, கனகாம்பரம் மூன்றும் தனித்தனியே கண்ணுக்குப் படும். இந்தப் பதிலில் எந்த வரி எந்தக் கேள்விக்கு என்றே பிரிக்க முடியாது. எனவே ‘கூட்டுவிடை’ போதும் என்று நினைக்கிறேன்.

கருத்துகளை எழுதுங்கள்.

மறுமொழி, மேலூரிலிருந்து:

அண்ணனுக்கு வணக்கம். ‘வினா’வை விட்டுக் ‘கேள்வி’யைப் பிடித்ததற்கு நன்றி. வினா என்றால் எங்கள் பக்கம் பரீட்சைத்தாள்தான் ஞாபகம் வரும். எங்கள் பக்கத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் வெளியே தெரிந்தபோது எங்களுக்குத் தெரிந்த வழிகள் கலெக்டரிடம் மனு, கிராமசபைத் தீர்மானம், மறியல். டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானமும் வந்தது. 2025 ஜனவரி 23-ல் ஏலத்தை ரத்து செய்ததாக மத்திய அரசு அறிவித்தது. இந்த ஏலத்தை விடும் அதிகாரமே 2023 சட்டத் திருத்தத்தால்தான் டெல்லிக்குப் போனது என்பது எங்கள் தெருவில் பலருக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. டெல்லியில் இருக்கும் அதிகாரத்தை டெல்லியில்தான் கேட்க வேண்டும், எந்த அடிப்படையில் வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள், அங்குள்ள அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்பதைப் பார்த்தீர்களா என்று எம்.பி. மூலம் எழுத்தில் வாங்க முடியும் என்பதை மக்களுக்குச் சொல்ல ஒரு சொல் வேண்டும். நட்சத்திரம், குறி என்று ஆரம்பித்தால் கேட்கிறவர் பாதியிலேயே எழுந்து போய்விடுவார். ஒரே சந்தேகம்: பத்திரிகையில் ‘எழுத்துப்பூர்வ பதில்’ என்றுதானே போடுகிறார்கள்? ‘எழுத்துப்பூர்வக் கேள்வி’ என்று வைத்தால் என்ன?

மறுமொழி, திருநகரிலிருந்து:

தம்பி, உன் வேகம் புரிகிறது. ஆனால் இரண்டு விஷயம். டிஎன்பிஎஸ்சி படிக்கிற பிள்ளைகள் ‘நட்சத்திரக் குறியிட்ட’, ‘குறியிடப்படாத’ என்றுதான் மனப்பாடம் செய்கிறார்கள். அகராதியில் அதைக் காணவில்லை என்றால் அகராதிதான் தப்பு என்று மூடி வைத்துவிடுவார்கள். இரண்டாவது, நட்சத்திரக் கேள்விகளில் நேரம் போதாமல் எட்டப்படாதவற்றுக்கும் பதில் எழுத்தில்தான் மேசைக்கு வருகிறது. அப்படியானால் அதுவும் எழுத்துவிடைதானே? அப்புறம், நேருக்கு நேர் கேட்பதன் மதிப்பைக் குறைத்துவிடாதே. ஆயுள் காப்பீட்டுக் கழகப் பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் போனதை 1957-ல் காங்கிரஸ் எம்.பி. பெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து நின்று கிளப்பினார். நீதிபதி சாக்ளாவின் விசாரணை வந்தது, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். காகிதத்தால் மட்டும் அது நடந்திருக்காது.

மறுமொழி, யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட ஹன்சாட்டில், அதாவது இலங்கைப் பாராளுமன்றப் பேச்சுப் பதிவேட்டில், ‘வினாக்களுக்கு வாய்மூல விடைகள்’ என்றுதான் தலைப்பு வரும். விடை எப்படித் தரப்படுகிறது என்பதை வைத்துப் பெயரிடுவது எங்களுக்குப் புதிதல்ல. உங்களுக்கு உதவும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூவருக்கும் என் பதில்:

யாழ்ப்பாண நண்பருக்கு நன்றி. கடலுக்கு அந்தப் பக்கம் தமிழில் ஏற்கெனவே புழங்குவதை நாம் பொருட்படுத்தாமல் இருந்தது சரியல்ல. ‘வாய்மூல’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். நட்சத்திரக் கேள்விக்கு ‘வாய்மூலவிடைக் கேள்வி’, மற்றதற்கு ‘எழுத்துவிடைக் கேள்வி’. எழுத்துத் தேர்வு, எழுத்து வேலை என்று சொல்லிப் பழகிய வாய்க்கு எழுத்துவிடை கடினமாக இருக்காது.

மேலூர்த் தங்கைக்கு: ‘எழுத்துப்பூர்வக் கேள்வி’யில் ஒரு சிக்கல் இருக்கிறது. நட்சத்திரக் கேள்வியும் எழுத்தில்தான் கொடுக்கப்படுகிறது, குறைந்தது 15 நாள் முன்னறிவிப்போடு, மக்களவையில் 150 சொல்லுக்கு மிகாமல். எழுத்தில் கேட்பது இரண்டுக்கும் பொது. மாறுவது விடை. எனவே ‘விடை’ என்ற சொல் பெயருக்குள் இருந்தே ஆக வேண்டும். நீங்கள் சொன்ன இரண்டு உட்கேள்விகளும் நன்றாக இருக்கின்றன. வாதம், ஏளனம், குற்றச்சாட்டு, அபிப்பிராயம் கேட்பது எதுவும் கேள்வியில் இருக்கக் கூடாது என்பது மக்களவை விதி. கோபத்தையெல்லாம் எடுத்துவிட்டு ‘எந்த ஆய்வு, எந்தத் தேதி, யாருடைய கருத்து பெறப்பட்டது’ என்று மட்டும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால்தான் தப்பிக்க இடமிருக்காது.

திருநகர் ஐயாவுக்கு: எட்டப்படாத நட்சத்திரக் கேள்வி பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, என் விளக்கத்தில் அதைச் சேர்க்க வேண்டும். பெயர், உறுப்பினர் எந்த விடையைக் கோரினார் என்பதை ஒட்டியது, கடைசியில் எது கிடைத்தது என்பதை ஒட்டியது அல்ல என்று எழுதிவிடலாம். முந்த்ரா விஷயத்திலும் மறுப்பில்லை. துணைக் கேள்வி என்ற ஆயுதம் வாய்மூலவிடையில் மட்டும்தான் உண்டு. எழுத்துவிடையில் மழுப்பினால் மறுபடி இன்னொரு கேள்வி கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஆனால் ஐயா, ஒரு மணி நேரத்தில் நாலைந்து பேருக்குக் கிடைக்கும் வாய்ப்பை நம்பி மதுரைக்காரர் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? டெல்லியில் கேள்வி கொடுப்பதும் பதில் வருவதும் இந்தியிலும் ஆங்கிலத்திலும். அதைத் தமிழில் எடுத்துச் சொல்லும்போதாவது சொல் தெளிவாக இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு ஆங்கிலத்திலேயே பதில் தர வேண்டும் என்று நம் எம்.பி. சு.வெங்கடேசன் தொடுத்த வழக்கில் 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. பதில் கிடைத்தால் மட்டும் போதாது, புரிகிற மொழியில் கிடைக்க வேண்டும் என்று அந்தக் கிளை இருக்கும் ஒத்தக்கடைப் பக்கமே பேசித் தீர்த்த விஷயம் இது.

டிஎன்பிஎஸ்சி பிள்ளைகளுக்காகப் பழைய சொல்லையும் தனிப் பதிவாக வைத்து ‘எழுத்துவிடைக் கேள்வி காண்க’ என்று போட்டுவிடலாம். முதன்மைப் பதிவு இப்படி:

எழுத்துவிடைக் கேள்வி: நாடாளுமன்ற உறுப்பினர், அமைச்சரிடமிருந்து எழுத்தில் விடை கோரிக் கேட்கும் கேள்வி. விடை அவையின் மேசையில் வைக்கப்படும். துணைக் கேள்விக்கு இடமில்லை. வழக்கில்: நட்சத்திரக் குறியிடப்படாத கேள்வி.

இதோடு, அமைச்சர் அவையில் தரும் வாக்குறுதியைக் குறிக்கும் ‘அஷூரன்ஸ்’ என்பதையும் முடித்துவிடலாம். ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’, ‘பரிசீலனையில் உள்ளது’ போன்ற பதில்கள் வெறும் சம்பிரதாயம் இல்லை. அவை கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இதைப் பார்க்கவே மக்களவையில் 1953 முதல் ஒரு குழு இருக்கிறது. நம் சட்டமன்றத்தில் அதே வேலைக்கு ‘அரசு உறுதிமொழிக் குழு’ என்று வெகுநாளாகப் புழங்குகிறது. அதையே எடுத்துக்கொள்வோம், புதிதாக எதுவும் வேண்டாம்.

மிச்சம் இருப்பது ‘டஸ் நாட் அரைஸ்’. (அ)-வுக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு மீதி நான்கையும் இந்த மூன்று சொல்லால் மூடிவிடுவார்கள். ‘எழவில்லை’ என்று மட்டும் போட்டால் எது எழவில்லை என்று புரியாது. ‘இக்கேள்வி எழவில்லை’ என்று போடலாமா, வேறு நல்லது இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று பட்டியலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.