லோ பீம்: ‘மங்கொளி’ வேண்டாம், ‘தாழ்கற்றை’ என்போமா?

அனைவருக்கும் வணக்கம்.

கார் முகப்பு விளக்கின் பல்பை வீட்டிலேயே மாற்றுவதற்கான கையேட்டில் லோ பீம், ஹை பீம் இரண்டுக்கும் ‘மங்கொளி, பேரொளி’ என்ற சொற்கள் முந்தைய மடலில் வந்திருந்தன. ‘டிம் போடு, பிரைட் போடு’ என்று எல்லோரும் பேசுவதிலிருந்து பிறந்தவை, கேட்டதும் புரிகிறது. ஆனாலும் இந்தக் கையேட்டுக்கு அவை சரிவராது.

கையேடு தொடங்குவதே ‘விளக்கு மங்கினால்’ என்றுதான். அங்கே மங்குவது ஒரு பழுது. ஹாலஜன் பல்பில் டங்ஸ்டன் இழை சூட்டில் சிறிது சிறிதாக ஆவியாகிறது. உள்ளே இருக்கும் அயோடினோ புரோமினோ அந்த ஆவியைப் பிடித்து மறுபடி இழையில் சேர்க்கும். ஆனால் தேய்ந்த இடத்திலேயே போய்ச் சேராது, அதனால் இழை நாளடைவில் மெலிகிறது. பல்பு நன்றாக இருந்தும் மங்குவதுண்டு. வெளிமூடியின் பாலிகார்பனேட் வெயிலில் மஞ்சளித்திருக்கலாம். இணைப்பில் களிம்பு ஏறி மின்னழுத்தம் குறையலாம். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே ஒளி ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். இவ்வளவையும் சொல்ல நம்மிடம் இருக்கும் நல்ல வினை ‘மங்கு’. அதை லோ பீமுக்குக் கொடுத்துவிட்டால் ‘மங்கொளி மங்கிவிட்டது’ என்று எழுத வேண்டி வரும்.

அதைவிட முக்கியமான காரணம், லோ பீம் மங்கலான ஒளியே அல்ல. எச்4 என்ற வகைப் பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு இழைகள், ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். 5 வாட்தான் வித்தியாசம். லோ பீம் இழைக்கு அடியில் சின்னதாக ஓர் உலோகத் தடுப்பு இருக்கும். ஒளி, பல்பைச் சுற்றியுள்ள கிண்ணம் போன்ற எதிரொளிப்பானின் கீழ்ப்பாதியில் படாமல் அது மறைத்துவிடும், மேல்பாதியில் பட்டது மட்டும் சாலையை நோக்கித் தாழ்ந்து விழும். ஒற்றை இழை கொண்ட எச்7 வகைப் பல்பு பொருத்திய பல கார்களில் இரண்டு பீமுக்கும் ஒரே 55 வாட் பல்புதான், கிண்ணம் மட்டும் வேறு. ஆக, மாறுவது திசை. சொல்லும் திசையைச் சொல்லட்டும்.

லோ பீமுக்கு ‘தாழ்கற்றை’ என்பது என் முன்மொழிவு. இயற்பியலில் ‘ஒளிக்கற்றை’ ஏற்கெனவே நிலைத்த சொல். பிரிட்டிஷ் வழக்கிலும் இதை ‘டிப்டு பீம்’, அதாவது தாழ்த்திய கற்றை என்றுதான் சொல்கிறார்கள். வினையும் கூடவே கிடைக்கிறது: ‘எதிரே வண்டி வருகிறது, விளக்கைத் தாழ்த்து’. ஹை பீமுக்கு ‘உயர்கற்றை’ என்றால் இணையாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஒளி மேலே போவதில்லை, சாலை நெடுக நேராகப் போகிறது. அதோடு, ‘உயர்’ என்றதும் தரத்தில் மேலானது என்ற எண்ணமும் வந்துவிடும். ‘நேர்கற்றை’ போதும். தாழ்கற்றையின் மேல்விளிம்பில் ஒளி சட்டென்று முடியும் கோட்டுக்கு ‘ஒளிவரம்பு’ என்று வைக்கலாம். பல்பை பல்பு என்றே விடுவோம், அது தமிழில் ஊறிவிட்டது.

சொற்கள் நிற்கின்றனவா என்று பார்க்க ஒரு பத்தி எழுதினேன்:

“விளக்கை அணைத்து, பல்பு ஆறும்வரை பொறுங்கள். பின்னாலுள்ள இணைப்பைப் பிடுங்கி, ரப்பர் உறையைக் கழற்றி, கம்பிக் கொக்கியை விடுவித்தால் பல்பு வெளியே வரும். புதிய பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். எச்4 பல்பின் மூன்று காதுகளும் அதனதன் பள்ளத்தில் அமர வேண்டும். கோணலாக அமர்ந்தால் ஒளிவரம்பு கலைந்து, தாழ்கற்றையே எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். ஒரு பக்கம் மங்கினாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பிறகு சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எதிர்ச்சுவரில் இரண்டு ஒளிவரம்புகளும் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள்.”

இதில் ‘மங்கு’ பழுதை மட்டும் குறிக்கிறது, குழப்பம் இல்லை. ‘காது’ என்பது மெக்கானிக் பேச்சுபோல் இருக்கிறது என்று தோன்றினால் ‘தகட்டு முனை’ என்று மாற்றலாம், இருந்தாலும் காதே இருக்கட்டும் என்பது என் விருப்பம். ‘நேர்கற்றை’ யாருக்காவது இடறினால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.