2.4 மீட்டர் காற்றாலை: தலைப்பகுதி மவுண்ட், டவர் ஒயரிங் சந்தேகங்கள்

அமராவதிக்கரை:
தாராபுரம் பக்கம் தோட்டத்தில் பேட்டரி சார்ஜ் செய்ய 2.4 மீட்டர் விட்டத்தில் மூன்று இறக்கைக் காற்றாலை செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு காந்தத் தட்டுகள், நடுவில் பிசினில் வார்த்த காயில்கள், த்ரீ பேஸ். நல்ல காற்றில் 700 வாட் எதிர்பார்க்கிறேன். டவர் 12 மீட்டர், ஸ்டே ஒயர் கட்டிச் சாய்த்து இறக்கும் வகை. டவர் அடியிலிருந்து பேட்டரி அறைக்கு 30 மீட்டர்.

அமெரிக்க வரைபடத்தில், 2 அங்குலக் குழாய்மேல் இரண்டரை அங்குலக் குழாயைச் செருகினால் அதுவே திரும்பும் பேரிங் என்று போட்டிருக்கிறது. இங்கே வாங்கிய குழாய் லொடலொடவென்று ஆடுகிறது. வேறு என்ன செய்யலாம்? 24 வோல்ட் போதுமா, 48 போகணுமா? எத்தனை ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர்? தலை திரும்பும்போது உள்ளே தொங்கும் ஒயர் முறுக்கிக்கொள்ளுமே, ஸ்லிப் ரிங் (சுற்றினாலும் தொடர்பு விடாத வளைய இணைப்பு) கட்டாயமா?

கடசல்_பட்டறை:
குழாய் ஆடுவது உங்கள் தவறில்லை. அமெரிக்க இரண்டரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 73 மி.மீ., சுவர் 5.16, உள்விட்டம் 62.7. அதற்குள் 60.3 மி.மீ. வெளிவிட்டமுள்ள 2 அங்குலக் குழாய் அளவாக உட்காரும். நம் ஊர் இரண்டரை அங்குல பி கிளாஸ் (நடுத்தரத் தடிமன்) குழாய்க்கு வெளிவிட்டம் 76.1, சுவர் 3.6. உள்ளே 68.9 வந்துவிடுகிறது, பக்கத்துக்கு 4 மி.மீ.க்கு மேல் இடைவெளி.

300 மி.மீ. நீள வெளிக்குழாயில் மேலே ஒன்று, கீழே ஒன்றாக 50 மி.மீ. உயர கன்மெட்டல் புஷ் (உள்ளே பொருத்தும் உறை) இரண்டு கடைந்து அடியுங்கள். உள்துளை 61 மி.மீ. இருக்கட்டும். அடிக்கும் முன் வெளிக்குழாயின் உள்பக்க வெல்டிங் வரப்பை அரத்தால் ராவி எடுக்கவும். இல்லையென்றால் புஷ் கோணலாக இறங்கும். வெளிக்குழாயின் தலையில் 10 மி.மீ. தகடு வெல்ட் செய்து, நடுவில் ஒயருக்கு 25 மி.மீ. துளை போடுங்கள். மொத்த எடையும் இந்தத் தகடு வழியாக உள்குழாய் விளிம்பில்தான் உட்காரும், நடுவே கிரீஸ் தடவிய ஒரு வாஷர் போதும். பால் பேரிங் வேண்டாம். திரும்புவதில் கொஞ்சம் இறுக்கம் இருந்தால்தான் ஒவ்வொரு சுழல்காற்றுக்கும் தலை ஆடாமல் நிற்கும்.

ஜெனரேட்டர் ஷாஃப்டை இந்தக் குழாயின் நடுக்கோட்டில் வைத்துவிடாதீர்கள். 125 மி.மீ. பக்கவாட்டில் தள்ளி வைக்கணும். வால் கீல் செங்குத்திலிருந்து 20 டிகிரி சாய்ந்திருக்கணும். பலத்த காற்று இறக்கையைத் தள்ளும்போது அந்த 125 மி.மீ. நெம்புகோல்தான் தலையைப் பக்கவாட்டில் திருப்பும். அப்போது வால் மடங்கியபடி மேலே ஏறும், காற்று தணிந்ததும் தன் எடையாலேயே இறங்கித் தலையை மறுபடி காற்றுக்கு நேராகக் கொண்டுவரும். வால் அதிக கனமாக இருந்தால் மடங்காது, காயில் கருகும். லேசாக இருந்தால் மிதமான காற்றிலேயே மடங்கி கரண்ட் வராது. அதனால் வாலின் பலகையை போல்ட்டில் மாட்டுங்கள், எடையை மாற்றிப் பார்க்க முடியும். இரண்டு பக்கமும் ஸ்டாப்பர் கட்டாயம். இல்லாவிட்டால் முழுதாக மடங்கும் வால் இறக்கையில் அடிக்கும்.

கம்பி_கணக்கு:
48 வோல்ட்தான். கணக்கு இதோ. 700 வாட்டுக்கு டிசி பக்கம் 14.6 ஆம்ப். டையோடு பிரிட்ஜுக்கு (ஏசியை டிசியாக்கும் பகுதி) முன் ஒவ்வொரு பேஸிலும் அதில் 0.816 பங்கு, ஏறக்குறைய 12 ஆம்ப். டவரும் தரையும் சேர்த்து 42 மீட்டர். 6 ஸ்கொயர் செம்பின் மின்தடை கிலோமீட்டருக்கு 3.08 ஓம், ஆக ஒரு கம்பிக்கு 0.13 ஓம். மூன்று கம்பியிலும் சேர்ந்து 56 வாட் சூடாகப் போகும், 8 சதவீதம். 4 ஸ்கொயரில் 84 வாட். இதே 24 வோல்ட் என்றால் ஆம்ப் இரட்டிப்பு, இழப்பு நான்கு மடங்கு: 6 ஸ்கொயரிலேயே 225 வாட் போய்விடும். ஆனால் காயில் சுற்றுவதற்கு முன்பே 48 என்று முடிவெடுக்கணும், சுற்று எண்ணிக்கை அதைப் பொறுத்தது.

தரைக்கடியில் செலவைக் குறைக்க 10 ஸ்கொயர் அலுமினியம் போடலாம், 6 ஸ்கொயர் செம்புக்குச் சமம். இணைப்பில் மட்டும் பைமெட்டல் லக் (ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் அலுமினியம் உள்ள இணைப்பு முனை) போடுங்கள். செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்கினால் ஒரு மழைக்காலத்திலேயே அரித்துச் சூடேறும்.

ஸ்லிப் ரிங் வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்கு மேற்கிலிருந்தே அடிக்கும், தலை முழுவட்டம் போடுவது அபூர்வம். மூன்று கோர் ரப்பர் கேபிளை உள்ளே தொங்கவிட்டு, அதன் எடையை மேலே ஒரு கிளாம்ப் தாங்கட்டும். டெர்மினல் தாங்கக் கூடாது. தகட்டுத் துளையில் ரப்பர் குரோமெட் (துளை விளிம்பை மூடும் வளையம்) போடாவிட்டால் அந்த விளிம்பு இன்சுலேஷனை அறுத்துவிடும். கேபிள் டவர் அடியில் 32 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் பிளக்கில் முடியட்டும். மூன்று பின்னையும் ஒன்றாக இணைத்த வெறும் சாக்கெட் ஒன்றும் பக்கத்தில் இருக்கணும். முறுக்கு எடுக்க, காற்றில்லாத நேரத்தில் பிளக்கை உருவி உடனே அதில் செருகினால் ஆலை ஷார்ட் ஆகி நிற்கும், அப்படியே சாக்கெட்டோடு சுற்றி முறுக்கைப் பிரிக்கலாம். பிளக்கை உருவியபடி விட்டுவிட்டுப் போகவே கூடாது. லோடு இல்லாத காற்றாலை வேகமெடுத்தால் இறக்கை பிய்ந்து பறக்கும்.

தூக்கி நிறுத்தும் முன் கையால் சுற்றிப் பாருங்கள். மூன்று கம்பியும் திறந்திருந்தால் லேசாகச் சுற்றணும், மூன்றையும் சேர்த்தால் சீராக இறுக்கமாக இருக்கணும். இரண்டை மட்டும் சேர்த்தால் விட்டுவிட்டு இழுக்கும். எதையும் சேர்க்காதபோதே இழுத்தால் காயிலிலோ கேபிளிலோ எங்கோ ஷார்ட்.

அமராவதிக்கரை:
ரொம்ப நன்றி. இரண்டு விஷயம் விட்டுப்போச்சு. சோலார் சார்ஜ் கண்ட்ரோலர் ஒன்று சும்மா இருக்கிறது, அதையே மாட்டலாமா? டம்ப் லோடுக்கு (பேட்டரி நிறைந்தபின் மிச்ச மின்சாரத்தைச் சூடாக்கிச் செலவழிக்க) 2000 வாட் கீசர் காயில் ஒன்று போதும்தானே?

கம்பி_கணக்கு:
இரண்டுமே கூடாது. சோலார் கண்ட்ரோலர் பேட்டரி நிறைந்ததும் லைனைத் துண்டிக்கும். பேனலுக்கு அது சரி. காற்றாலைக்கு, மேலே சொன்னபடி பிளக்கை உருவியதற்குச் சமம். பேட்டரியோடு இணைந்து, மிச்ச மின்சாரத்தை டம்ப் லோடுக்குத் திருப்பும் டைவர்ஷன் வகைதான் வேண்டும்.

கீசர் காயில் 230 வோல்ட்டில்தான் 2000 வாட். அதன் மின்தடை 26.5 ஓம், 48 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது வரும் 56 வோல்ட்டில் வெறும் 118 வாட்தான் எடுக்கும். எட்டு காயில்களை இணையாகப் போட்டால் 950 வாட் வரும், ஆலையின் உச்சத்துக்கு மேலே இருக்கணும் என்பதால் அந்த அளவு தேவை. பேட்டரி ஓரத்தில் டிசி ரேட்டிங் உள்ள பிரேக்கரே போடுங்கள், வீட்டு ஏசி எம்சிபி டிசி பொறியை அணைக்காது.

ஷார்ட் செய்து நிறுத்தும் பிரேக்கை நம்பிப் புயலை எதிர்கொள்ள வேண்டாம். பலத்த காற்றில் ஷார்ட் செய்தால் நிற்காமலே சுற்றிக் காயில் எரியலாம். அங்கே காப்பாற்றுவது வால் மடங்குவதுதான்.

ஸ்டே_கம்பி:
டவர் பற்றி யாரும் சொல்லவில்லை. டவரைச் சாய்க்கும் கீல் ஊசியின் நேர்கோட்டிலேயே இரண்டு பக்க ஸ்டே ஆங்கரும் (ஸ்டே ஒயரைத் தரையில் பிடிக்கும் முனை), அதே உயரத்தில் இருக்கணும். ஆங்கர் மேடாகவோ பள்ளமாகவோ இருந்தால், சாய்க்கும்போது ஒரு ஸ்டே இறுகி மற்றது தொய்யும், டவர் முறுக்கி விழும். ஸ்டே ஒயரின் ஒவ்வொரு முனையிலும் திம்பிள் (வளையத்துக்குள் வைக்கும் உலோகக் காடி), மூன்று புல்டாக் கிளிப் (யூ போல்ட் உள்ள கம்பிக் கிளிப்). யூ போல்ட் வளைவு மடித்துவந்த வால்முனை மேல்தான் உட்காரணும், சுமை தாங்கும் கம்பியை அது நசுக்கக் கூடாது. டர்ன்பக்கிள் (ஸ்டே ஒயரை இறுக்கும் திருகு) ஒவ்வொன்றிலும் கம்பி கோத்துப் பூட்டுங்கள், அதிர்வில் தானாகக் கழன்றுவரும்.

டவரின் அடிப்பகுதிக்கும், நான்கு ஆங்கருக்கும் தனித்தனி எர்த் ராடு அடித்து, பேட்டரி அறை எர்த்தோடு இணைத்துவிடுங்கள். அப்புறம், பக்கத்தில் தென்னை இருக்கிறதா? 150 மீட்டர் தூரத்துக்குள் உள்ள எதையும்விட இறக்கையின் அடிமுனை 9 மீட்டராவது உயரமாக இருக்கணும். தோப்பு இருந்தால் 12 மீட்டர் டவர் பத்தாது, கான்கிரீட் போடும் முன் இதைச் சொல்லுங்கள்.