பயறு வண்டின் முட்கள்: ஆணின் ஆயுதமா, வெறும் பிடிமானமா?

கரிசல்காட்டான்:
தட்டைப்பயற்றைத் துளைக்கும் வண்டில், ஆணின் உறுப்பு நுனியெங்கும் முட்கள். இணையும்போது அவை பெண்ணின் இனப்பெருக்கப் பாதையைக் குத்திக் கிழிக்கின்றன. பெண் பின்னங்கால்களால் ஓங்கி உதைக்கிறது. உதைக்க விடாமல் செய்தால் இணைவு நீள்கிறது, காயமும் பெரிதாகிறது என்று கிரட்ஜிங்டனும் சிவா-ஜோதியும் 2000-இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான மோதல். மழைத்தும்பி, இதற்குப் பிறகும் இனம் தழைக்க இருபாலும் ஒத்துழைக்கின்றன என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மழைத்தும்பி:
அப்படியானால் பெண் ஏன் மறுபடியும் இணைகிறது? காய்ந்த பயற்று மூட்டைக்குள் குடிக்கத் தண்ணீர் ஏது? ஆண் தரும் விந்துத் திரவத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் வைத்துப் பார்த்தபோது பெண்கள் குறைவாகவே இணைந்தன என்கிறது எட்வர்ட்சனின் 2007 ஆய்வு. இன்னொன்று: காயத்தால் ஆணுக்கு ஆதாயம் என்பதற்குச் சான்று இல்லை என்று எட்வர்ட்சனும் ட்ரெஜென்சாவும் 2005-இல் எழுதினார்கள். முள் பிடிமானத்துக்கு வந்தது, காயம் அதன் பக்க விளைவு.

கரிசல்காட்டான்:
தண்ணீர் கொடுக்க முள் எதற்கு?

ஆய்வகமேசை:
அதற்குப் பதில் 2012-இல் வந்தது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து ஹோட்சி, ஆர்ன்க்விஸ்ட் குழுவினர் உயிருள்ள ஆண் வண்டுகளின் முள் நுனிகளை லேசரால் தீய்த்துக் குட்டையாக்கினார்கள். முள்ளின் அளவைக் கண்டால் அது எத்தனை நுண்ணிய வேலை என்று தெரியும்! வேறு ஆண்களோடு போட்டி வந்தபோது முள் குறைந்தவை பின்தங்கின. பெண்ணின் உடல் திரவத்துக்குள் அவற்றின் விந்துத் திரவம் கடந்ததும் குறைவே. ஆக, முள் வெறும் பிடிமானம் அல்ல. ஆனால் ஆதாயம் அந்தத் திரவம் உள்ளே செல்வதால் கிடைக்கிறது. பெண் வாடுவதால் அல்ல.

கரிசல்காட்டான்:
நான் மோதல் என்பது இதைத்தான். ஆண் கெடுதலை நாட வேண்டியதில்லை. தனக்கு நன்மை தரும் உறுப்பு அவளுக்குச் சேதம் செய்தால் போதும். முட்கள் கொடிதாக உள்ள இனங்களில் பெண்ணின் பாதைச் சுவரில் இணைப்புத் திசு கூடுதலாக இருப்பதை 2007-இல் ரோன், கட்வாலா, ஆர்ன்க்விஸ்ட் காட்டினார்கள். தாக்குதல் இல்லாத இடத்தில் அரண் எதற்கு?

மழைத்தும்பி:
அரண் இருக்கட்டும். காயத்தின் செலவை மட்டும் எழுதி, தண்ணீரின் வரவை விட்டுவிடுகிறீர்கள். இரண்டையும் ஒரே பெண்ணிடம், அவள் இட்ட மொத்த முட்டைகளைக் கொண்டு அளக்க வேண்டும். வறண்ட மூட்டையில் கிடைக்கும் விடை ஈரமான மூட்டையில் கிடைக்காது.