சர்வேயர் போட்ட தொகையும் ஒர்க்‌ஷாப் கேட்ட தொகையும்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

தாம்பரம்வாசி:

விக்கிரவாண்டி தாண்டி வரும்போது ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடி வந்தது. என் கணவர் ஸ்டியரிங்கை ஒடித்ததில் கார் சாலை நடுவிலிருந்த தடுப்பில் மோதியது. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு காப்பீட்டுத் தொகை வாங்குவதில் நடந்த எஸ்டிமேட் விவகாரம்.

சேதத்தை மதிப்பிட காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் வந்தபோது கார் ஒர்க்‌ஷாப்பில் பிரிக்கப்படாமல் நின்றிருந்தது. பம்பர், பானெட், இடதுபக்க ஃபெண்டர் என்று வெளியே தெரிந்ததைப் படம் எடுத்துக் குறித்துக்கொண்டார். ஹெட்லைட்டின் முகப்பு உடையாததால் அதற்கு நேரே ‘ரிப்பேர்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

பம்பரைக் கழற்றியதும் டிங்கரிங் வேலை பார்க்கும் பெரியவர், “அம்மா, இங்கே வந்து பாருங்கள்” என்று கூப்பிட்டார். ஹெட்லைட்டைப் பிடித்து நிறுத்தும் காதுகள் முறிந்திருந்தன. விரலால் தொட்டால் விளக்கு விழப்போகும் பல்லைப்போல ஆடியது. அதற்குப் பின்னால் ஏசி கண்டென்சர் உள்வாங்கி, ஓரத்தில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் வளைந்திருந்தது. இவற்றில் ஒன்றுகூட முதல் எஸ்டிமேட்டில் இல்லை.

அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தச் சொன்னேன். எல்லாவற்றையும் படம் எடுத்து, பிறகு தெரிந்த சேதங்களுக்கான சப்ளிமெண்டரி எஸ்டிமேட்டோடு சேர்த்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். சர்வேயர் திரும்ப வந்து பார்த்தார். முறிந்த காதுகளைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் புது விளக்குக்கு ஒப்புக்கொண்டார். அவர் பார்க்கும்வரை புதிய பாகத்தை மாட்டக் கூடாது, பழையதை எடைக்குப் போடவும் கூடாது. போட்டுவிட்டால் நம் கையில் சாட்சி இல்லை. ஒர்க்‌ஷாப்காரர்கள் வண்டியைச் சீக்கிரம் வெளியே அனுப்பத்தான் பார்ப்பார்கள், அதனால் நாம்தான் கூடவே நிற்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது பணக்கணக்கு. பாகம்வாரியாகப் பிரித்த மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கினேன். எங்களுடையது ‘ஜீரோ டெப்’ இல்லாத சாதாரண பாலிசி, அதாவது பாகம் பழசானதற்காக ‘தேய்மானம்’ என்று ஒரு பங்கைக் கழித்துத்தான் தருவார்கள். காருக்கு இரண்டரை வயது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குத் தேய்மானம் 50 சதவீதம். ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்குத் தேய்மானமே இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுதான் கணக்கு: இரண்டிலிருந்து மூன்று வருடம் என்றால் 15 சதவீதம், ஐந்தைத் தாண்டிப் பத்து வரை 40. எங்கள் தாளில் கண்டென்சர் பிளாஸ்டிக் வரிசையில் இருந்தது. அது அலுமினியம்! 9,000 ரூபாய் பாகத்தில் 1,350 கழிக்க வேண்டிய இடத்தில் 4,500 கழித்திருந்தார்கள்.

பெயிண்டிங்கிலும் அதே கதை. பெயிண்ட் பொருளின் விலையில்தான் பாதியைக் கழிக்கலாம், கூலியில் கழிக்கக் கூடாது. பொருளும் கூலியும் பிரிக்காத பில் என்றால் மொத்தத்தில் 25 சதவீதத்தைப் பொருள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பாலிசியிலேயே அச்சிட்டிருக்கிறது. 16,000 ரூபாய் பில்லில் பொருள் 4,000, கழிவு 2,000. அவர்கள் கழித்தது 8,000. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியதும் இரண்டையும் திருத்தினார்கள். நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவான 1,000 ரூபாயைப் பற்றி வாதாட ஒன்றுமில்லை. 1,500 சிசி வரையுள்ள எல்லா கார்களுக்கும் அது உண்டு.

மதுரை வடக்கு:

பெயிண்ட் கணக்கு இவ்வளவு நாளாகத் தெரியாமல் போய்விட்டதே, நன்றி சகோதரி. என் அனுபவம் வேறு மாதிரி. அப்பா ஓட்டிய பழைய கார், ஐடிவி (பாலிசியில் வண்டிக்குக் குறித்த மதிப்பு) 2,40,000. பக்கவாட்டில் லாரி உரசியதில் இரண்டு கதவுகளும் கூரையைத் தாங்கும் பில்லரும் நசுங்கின. ஒர்க்‌ஷாப் 1,90,000 என்று எஸ்டிமேட் போட்டது. பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’, வண்டி முழுவதும் போனதாகவே கணக்கு. அதாவது 1,80,000 தான் எல்லை. வண்டியை விட்டுவிடுங்கள் என்றார்கள்.

அப்பாவுக்கு மனமில்லை. எஸ்டிமேட்டை வரிவரியாகப் படித்தோம். தட்டி நிமிர்த்தக்கூடிய பின்கதவைப் புதிதாக மாற்றுவதாகப் போட்டிருந்தார்கள். பக்கத்துத் தெருவில் டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவரை அழைத்துவந்து காட்டி, அவர் கைப்பட எழுதிய எஸ்டிமேட்டைச் சர்வேயரிடம் கொடுத்தோம். சர்வேயர் நியாயமான மனிதர், தானே கதவைத் திறந்து மூடிப் பார்த்து ‘ரிப்பேர்’ என்று மாற்றினார். தொகை எல்லைக்குள் வந்தது. அப்பா இன்றும் அந்த வண்டியில்தான் அழகர்கோவில் போகிறார். வண்டியின் சட்டகமே கோணிப்போயிருந்தால் நானே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். உயிரைவிட வண்டி பெரிதில்லை.

ஈரோடு வாசகி:

எங்கள் விஷயத்தில் பேசியது எதுவும் எடுபடவில்லை. பின்பக்க மோதலில் வளைந்த அடித்தகடு ‘பழைய சேதம்’ என்று சொல்லிப் பாதித் தொகையை வெட்டினார்கள். தொலைபேசியில் பேசுவதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டேன். முதலில் சர்வே அறிக்கையின் நகல். பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார். விபத்துக்குச் சில வாரம் முன்பு சர்வீஸ் சென்டரில் வண்டியைத் தூக்கிப் பார்த்து எழுதிய செக்லிஸ்டையும் அதோடு இணைத்தேன். அடிப்பகுதி நன்றாக இருப்பதாக அதில் குறித்திருந்தது.

ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் கூடாது. நம் கதையை நாமே சொல்ல வேண்டும். நிறுவனத்தின் முடிவு வந்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே மனு கொடுத்த பிறகு, விசாரணைத் தேதிக்கு முன்பே நிறுவனம் வெட்டிய தொகையைக் கணக்கில் போட்டது.

தாம்பரம்வாசி:

அந்தச் செக்லிஸ்ட் யோசனை அருமை அக்கா. எங்கள் சர்வீஸ் பில்களை எல்லாம் இன்றே ஒரே கோப்பில் போட்டு வைக்கிறேன். வேறு யாருக்காவது ஹெட்லைட் தகராறு இருந்தால் எழுதுங்கள், நான் அனுப்பிய படங்களையும் கடிதத்தையும் பகிர்கிறேன்.